சிறிய மாதிரிகளை அளக்கும்போது எண் முரண்டு பிடித்தால்: அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான மாதிரிகளை அளந்து, கன அளவு கண்டு, அதிலிருந்து அடர்த்தியோ, மாதிரி எவ்வளவு சுருங்கியது என்பதையோ கணக்கிடுகிறவர்களுக்கான குறிப்பு இது. எந்த அறிகுறி உங்களிடம் இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். காசு செலவாகாத காரணங்கள் முதலில் வரும், செலவானவை பின்னால் வரும்.

எடுத்துக்காட்டுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரியை வைத்துக்கொள்வோம்: 5 மி.மீ. விட்டம், 8 மி.மீ. உயரம் உள்ள ஓர் உருளை. அதன் கன அளவு சுமார் 157 கன மி.மீ. விட்டத்தில் 0.05 மி.மீ. தவறினால் கன அளவு 2 சதவீதம் தவறும். உயரத்தில் அதே 0.05 தவறினால் 0.6 சதவீதம்தான் போகும். விட்டம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் பொறுமையை அங்கே செலவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: பேரிங் குண்டு

கருவியைக் குறை சொல்வதற்கு முன் அளவு தெரிந்த ஒரு பொருளை அளந்து பாருங்கள். கேஜ் பிளாக் (நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டை) இருந்தால் நல்லது. ஆனால் இந்த வேலைக்கு எனக்குப் பிடித்தது பேரிங்கில் போடும் 10 மி.மீ. எஃகுக் குண்டு, கடைத்தெருவில் பால்ரஸ் என்கிறார்களே அதுதான். விட்டம் மைக்ரான் கணக்கில் சரியாக இருக்கும். கன அளவும் தெரியும்: 523.6 கன மி.மீ. அதனால் காலிப்பர் (இரண்டு தாடைகளால் கவ்வி அளக்கும் கருவி), தராசு இரண்டையும் ஒரே பொருளை வைத்துச் சோதிக்கலாம்.

காலிப்பரில் 9.98 முதல் 10.02 வரை வந்தால் காலிப்பர் மேல் பழியில்லை. நீரில் முழுதாக மூழ்க வைத்தால் (முறை கீழே வருகிறது) எடை வித்தியாசம் 0.521 முதல் 0.523 கிராம் வரை வர வேண்டும். அறை வெப்பநிலை 20 டிகிரியோ 30 டிகிரியோ, இந்த எண் பெரிதாக மாறாது. துருப்பிடிக்காத எஃகுக் குண்டு என்றால் நிம்மதி. சாதாரண எஃகு என்றால் நீரிலிருந்து எடுத்தவுடன் துடைத்து, ஒரு துளி எண்ணெய் பூசி வையுங்கள்.

குண்டு சரியாக வந்து மாதிரி மட்டும் தகராறு செய்தால் கோளாறு மாதிரியிலோ, நீங்கள் அதைப் பிடிக்கும் விதத்திலோ இருக்கிறது. குண்டே தப்பாக வந்தால் கருவியைப் பாருங்கள். கீழே வரும் எல்லாக் கிளைகளும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் பிரிகின்றன.

அறிகுறி: ஒரே மாதிரி, ஒவ்வொரு முறையும் வேறு எண்

குண்டும் ஆடுகிறது என்றால்

தாடைகளைத் துடையுங்கள். மைக்ரோமீட்டரானால் (திருகைச் சுற்றி இன்னும் நுட்பமாக அளக்கும் கருவி) இரண்டு முகங்களுக்கும் நடுவில் லென்ஸ் துடைக்கும் தாளை மெல்லக் கவ்வவிட்டு இழுங்கள். தாள் கிழிந்து துணுக்கு உள்ளே சிக்கினால் மறுபடி ஒருமுறை. பாதிச் சிக்கல்கள் இதோடு முடிந்துவிடும்.

அடுத்தது விரல். காலிப்பரின் கட்டை விரல் உருளையை ஒருவர் அழுத்துவது போல இன்னொருவர் அழுத்துவதில்லை. மைக்ரோமீட்டரில் ராட்செட் (அழுத்தும் விசையை ஒரே அளவில் நிறுத்தும் திருகுமுனை) இருப்பதே இதற்காகத்தான். உறையைப் பிடித்து முறுக்காமல் ராட்செட்டைத் திருகி, மூன்று கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள்.

டிஜிட்டல் காலிப்பரில் எண் துள்ளினால் அல்லது திரை மினுக்கினால் பேட்டரியை மாற்றுங்கள். எல்ஆர்44 பேட்டரியின் மின்னழுத்தம் பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும். எஸ்ஆர்44 கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே குழிதான். பேட்டரி மாற்றியும் துள்ளினால் அளவுகோல் பட்டையில் ஈரமோ கைப்பசையோ இருக்கும். சிறிது ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலரவிட்டுப் பாருங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் நகரும் தாடை ஆடுகிறதா என்று பாருங்கள். தாடையைப் பிடித்து லேசாகச் சாய்த்தால் எண் 0.03க்கு மேல் மாறக் கூடாது. மாறினால் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு திருகுகளை முழுக்க இறுக்கி, கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்துங்கள். தாடை வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஆடக் கூடாது. அப்படியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் தாடை தேய்ந்துவிட்டது. சாதாரணக் காலிப்பரைப் பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே மலிவு. நல்ல மைக்ரோமீட்டர் என்றால் அளவுத்திருத்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

குண்டு நிற்கிறது, மாதிரி மட்டும் ஆடுகிறது என்றால்

பெரும்பாலும் மாதிரி சாய்ந்து உட்காருகிறது. உருளையைத் தாடைக்குள் வைத்து, லேசாக முன்னும் பின்னும் அசைத்து, கிடைக்கும் மிகச் சிறிய எண்ணைக் குறியுங்கள். சாய்ந்தால் அளவு கூடுமே தவிரக் குறையாது. வெட்டிய மாதிரியானால் விளிம்பில் பிசிர் நிற்கும். நகத்தை ஓட்டினாலே தட்டுப்படும். மெல்லிய உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு போதும்.

அசைத்துப் பார்த்தும் எண் பரவலாக வந்தால் மாதிரியே சீராக இல்லை என்று பொருள். அப்போது சராசரியை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். விட்டத்தை மேல், நடு, கீழ் மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளிலும் எடுங்கள். மேல் பெரிதாகக் கீழ் சிறிதாக ஒழுங்காக மாறினால் மாதிரி கூம்பலாக இருக்கிறது. ஒரு திசை மட்டும் பெரிது என்றால் நீள்வட்டம். இந்த இரண்டும் அச்சில் வார்த்த மாதிரிகளில் சகஜம். ஆறு எண்ணும் ஒழுங்கில்லாமல் சிதறினால் கன அளவுக்கு இந்த வழியை விட்டுவிட்டு, கீழே வரும் நீரில் மூழ்கடிக்கும் முறைக்குப் போங்கள்.

அறிகுறி: எண் அசையாமல் நிற்கிறது, ஆனால் தப்பு

இதுதான் ஆபத்தான வகை. ஆடுகிற எண் கண்ணில் படும். அசையாத தப்பு அறிக்கை வரை போய்விடும்.

முதலில் சுழிப்பிழை. தாடைகளை மூடி எண்ணைப் பாருங்கள். மூடிய நிலையில் 0.04 காட்டினால் எல்லா அளவிலிருந்தும் 0.04 கழிக்க வேண்டும். சுழிக்குக் கீழே நின்றால் கூட்ட வேண்டும். டிஜிட்டலில் இன்னொரு தொல்லை: தாடை சற்றுத் திறந்திருக்கும்போது யாராவது சுழிப் பொத்தானைத் தொட்டிருப்பார்கள். ஒவ்வொரு வரிசை மாதிரிக்கும் முன்னால் மூடி, துடைத்து, சுழியாக்குங்கள். அங்குலத்துக்கு மாற்றும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் ஒரு கண் பாருங்கள்.

மூடினால் சரியாகச் சுழி காட்டுகிறது, ஆனாலும் மாதிரிகள் எல்லாம் சிறிதாக வருகின்றனவா? மூடிய தாடைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அடிப்பகுதி ஒட்டியிருந்து நுனியில் ஒளிக்கீற்று தெரிந்தால் நுனி தேய்ந்திருக்கிறது. சிறிய மாதிரிகளை எல்லாரும் நுனியில்தான் கவ்வுவார்கள், அதனால் அங்கேதான் தேயும். மாதிரியை அளவுகோலுக்கு அருகே, தாடையின் அடிப்பக்கம் வைத்து அளந்து பாருங்கள். எண் மாறினால் காரணம் கிடைத்துவிட்டது.

துளையின் உள்விட்டம் மட்டும் சிறிதாக வந்தால் கருவி பழுதில்லை. உள் தாடைகளின் முனைகள் தட்டையானவை; சிறிய துளையின் வளைவில் அவை முழுதாகப் பதியாது. துளை சிறுக்கச் சிறுக்கப் பிழை கூடும். 5 மி.மீ.க்குக் குறைந்த துளைக்கு பின் கேஜ் (விட்டம் தெரிந்த ஊசிகளின் தொகுப்பு) போட்டுப் பாருங்கள்: எந்த ஊசி நுழைகிறது, அடுத்த ஊசி எது நுழையவில்லை என்பதே விடை.

வெப்பநிலையைப் பலர் தேவைக்கு மேல் சந்தேகிக்கிறார்கள். நீள அளவுகளுக்கான குறிப்பு வெப்பநிலை 20 டிகிரி. அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்கில் 50 மி.மீ. நீளத்துக்கு 10 டிகிரி ஏறினால் 0.035 மி.மீ. கூடும். நம் 8 மி.மீ. மாதிரிக்கு அது 0.006தான், காலிப்பருக்குக் கண்ணிலேயே படாது. ஆனால் மைக்ரோமீட்டரின் சட்டத்தை உள்ளங்கையில் வெகுநேரம் பிடித்திருந்தால் அது சூடேறி எண்ணை நகர்த்தும். அதைத் தாங்கியில் பொருத்தி வேலை செய்யுங்கள். அடுப்பிலிருந்து எடுத்த மாதிரியை முழுதாக ஆறவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, அரிதானது என்றாலும் ஏமாற்றக்கூடியது. அரைத்து உருட்டிய தண்டுகளில் விட்டம் எந்தத் திசையிலும் ஒரே எண்ணாக வரும், ஆனால் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது. மூன்று மேடுகளோடு இருக்கும். எதிரெதிராகக் கவ்வும் எந்தக் கருவியும் இதைக் காட்டாது. வி வடிவக் கட்டையில் படுக்கவைத்து, மேலே டயல் கேஜை (முனையின் நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வைத்து உருட்டுங்கள். முள் ஆடினால் தண்டு வட்டமில்லை. எவ்வளவு என்று எண்ணாக வேண்டுமானால் வட்டத்தன்மை அளக்கும் இயந்திரம் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.

அறிகுறி: பிடித்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்குகிறது

ஜெல், ரப்பர், நுரை, திசு போன்ற மென்மையான மாதிரிகள். நீங்கள் அளப்பது மாதிரியை அல்ல, நசுங்கிய மாதிரியை. மைக்ரோமீட்டர் ராட்செட் தரும் விசை வழக்கமாக 5 முதல் 10 நியூட்டன். 5 மி.மீ. விட்ட வட்டத்தில் 5 நியூட்டன் விழுந்தால் அழுத்தம் காற்றழுத்தத்தைவிட இரண்டரை மடங்கு. ஜெல் தாங்குமா?

உயரத்துக்கு: தட்டையான கண்ணாடிச் சில்லின் மேல் மாதிரியை வைத்து, அதன் மேல் நுண்ணோக்கிக்குப் பயன்படுத்தும் மெல்லிய கவர் கண்ணாடியைப் படுக்க வையுங்கள். டயல் கேஜின் முனையை மேலிருந்து மெல்ல இறக்கி, கண்ணாடி அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். மாதிரி இல்லாமல் அதே கண்ணாடிகளை அளந்து கழியுங்கள். விட்டத்துக்கு: தொடவே வேண்டாம், படம் எடுத்து அளங்கள் (படத்துக்கும் தனிச் சிக்கல் உண்டு, கீழே வருகிறது).

கன அளவு மட்டும்தான் வேண்டுமென்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. நீர் நிறைந்த ஜெல்லின் அடர்த்தி பெரும்பாலும் நீரை ஒட்டியே இருக்கும். ஒரு பெரிய துண்டில் அடர்த்தியைக் கவனமாகக் கண்டுவிட்டு, சிறு துண்டுகளை வெறுமனே எடை போட்டு வகுத்துவிடுங்கள். காலிப்பரோடு மல்லுக்கட்டுவதைவிட இது நம்பகமானது. ஒரே நிபந்தனை, திறந்து வைத்த ஜெல் நிமிடக்கணக்கில் உலரும். மூடிய பாத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள்.

முட்டை வடிவத் திசுக்கட்டிகளுக்கு நீளம் × அகலம் × உயரம் × 0.5236. உயரம் எடுக்க முடியாதபோது நீளம் × அகலத்தின் வர்க்கம், அதில் பாதி என்று கணக்கிடுவது வழக்கம். அகலம் இங்கே வர்க்கமாவதால், அகலத்தை எப்போதும் ஒரே ஆள் அளப்பது நல்லது.

அறிகுறி: அளந்து கணக்கிட்டதும் நீரில் மூழ்கடித்துக் கண்டதும் ஒத்துப்போகவில்லை

முதலில் முறையைச் சரிபாருங்கள். நான் சொல்வது இது: தராசின் மேல் நீர் நிறைந்த பீக்கர், பக்கத்தில் தராசைத் தொடாத தாங்கி, அதிலிருந்து மெல்லிய இழையில் தொங்கும் மாதிரி. இழையை மட்டும் நீரில் இறக்கி, தராசைச் சுழியாக்கி, அப்புறம் மாதிரியைக் கட்டி அதே ஆழத்துக்கு இறக்க வேண்டும். தராசு காட்டும் கிராம் எண்ணை நீரின் அடர்த்தியால் வகுத்தால் கன சென்டிமீட்டர் கிடைக்கும். நீரின் அடர்த்தி 20 டிகிரியில் 0.9982, 25 டிகிரியில் 0.9970, 30 டிகிரியில் 0.9957. வெப்பமானியைப் பீக்கருக்குள் வையுங்கள். சுவரில் தொங்குவது அறையின் வெப்பத்தைத்தான் சொல்லும். நீரை முதல் நாளே பிடித்து அறையில் வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

மூழ்கடித்த எண் மிகப் பெரிது, இரண்டு மூன்று மடங்கு என்றால்

மாதிரி பீக்கரின் அடியைத் தொடுகிறது. இழை தாங்க வேண்டிய எடையைத் தராசு தாங்குகிறது. சற்று மேலே தூக்குங்கள். பக்கச் சுவரில் உரசினால் எண் பெரிதாகாமல் தாறுமாறாக ஆடும்.

சில சதவீதம் பெரிது என்றால்

குமிழி. 1 மி.மீ. குமிழி ஒன்று நம் 157 கன மி.மீ. மாதிரியில் 0.3 சதவீதம் கூட்டும். 2 மி.மீ. குமிழி என்றால் கிட்டத்தட்ட 2.7 சதவீதம். விட்டம் இரட்டித்தால் பிழை எட்டு மடங்கு. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். குமிழி வெள்ளிப் பொட்டாக மின்னும். பெரும்பாலும் மாதிரியின் அடிப்பக்க முகத்திலும், இழை முடிச்சிலும், துளைக்குள்ளும் ஒளிந்திருக்கும். தட்டையான அடிமுகத்தைக் கிடைமட்டமாக இறக்கினால் காற்றைக் கூடவே கொண்டுபோகும், சாய்த்து இறக்குங்கள். மென்மையான தூரிகையால் தடவிவிடுங்கள்.

திரும்பத் திரும்பக் குமிழி வந்தால் நீரைக் கொதிக்க வைத்து, மூடி, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கரைந்த காற்று வெளியேறியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி விடலாம். பீக்கர் முழுவதற்கும் ஒரு துளி என்பதால் அடர்த்தி மாறாது, நீர் மட்டும் நன்றாக ஒட்டிப் படரும்.

அந்தத் துளி இன்னொரு பிழையையும் குறைக்கும். இழை நீரைத் துளைக்கும் இடத்தில் பரப்பு இழுவிசை இழையைக் கீழே இழுக்கிறது. 0.2 மி.மீ. கம்பிக்கு அது சுமார் 4.7 மில்லிகிராம். நம் மாதிரி இடப்பெயர்க்கும் நீரே 157 மில்லிகிராம்தான், ஆக 3 சதவீதம். சுழியாக்கும்போதும் மாதிரியோடும் கம்பி ஒரே மாதிரி நனைந்திருந்தால் இது கழிந்துபோகும். ஒருமுறை உலர்ந்தும் மறுமுறை நனைந்தும் இருந்தால் கழியாது. எனவே சுழியாக்கும் முன் கம்பியை நீரில் முக்கி எடுத்து நனைத்துவிடுங்கள். முறுக்கு நூல் வேண்டவே வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சும். 0.1 மி.மீ. நைலான் இழை போதும்.

சிறிது குறைவு என்றால்

1 சதவீதத்துக்குள் குறைவு என்றால் கவலைப்படாதீர்கள். காலிப்பர் மேடுகளைத்தான் தொடும், பள்ளங்களை அதற்குத் தெரியாது. மழுங்கிய விளிம்பும் உடைந்த மூலையும் கணக்கில் வராது. இங்கே மூழ்கடித்த எண்தான் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

அதிகமாகக் குறைந்தால் நீர் உள்ளே போகிறது. மாதிரியை எடுத்து ஈரத்துணியால் ஒற்றி எடை போடுங்கள். உலர்ந்த எடையைவிடக் கூடியிருந்தால் அது நுண்துளை உள்ள பொருள். அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: தராசின் எண் நிற்காமல் ஓடுகிறது

மாதிரியை வெளியே எடுத்துவிட்டு வெறும் பீக்கரை மட்டும் கவனியுங்கள். அப்போதும் அதே வேகத்தில் எண் குறைந்தால் நீர் ஆவியாகிறது, அல்லது தராசு இன்னும் சூடாகி நிலைக்கு வரவில்லை. விசிறியையும் ஏசியின் காற்றையும் மறையுங்கள். தராசின் மட்டக் குமிழ் நடுவில் இருக்கிறதா பாருங்கள். இயக்கி அரை மணி நேரமாவது ஆகட்டும்.

மாதிரி உள்ளே இருக்கும்போது மட்டும் எண் இறங்கினால், குமிழிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன அல்லது நுண்துளைகளுக்குள் நீர் ஏறுகிறது. குமிழி என்றால் படிப்படியாகக் குதித்து இறங்கும். நீர் ஏறினால் வழுக்கிக்கொண்டு இறங்கி, மெல்ல மெல்ல வேகம் குறையும். இந்த வித்தியாசம் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாலே புரிந்துவிடும்.

நீர் ஏறுகிற பொருளுக்கு இரண்டு வழி. ஒன்று, முழுதாக ஏறவிடுவது. பீங்கான் சோதனைகளில் 5 மணி நேரம் கொதிக்க வைத்து, 24 மணி நேரம் ஊறவிடுவது பழகிய முறை. பிறகு தராசின் கொக்கியில் தொங்கவிட்டு நீருக்குள் ஓர் எடை, வெளியே எடுத்து ஈரத்துணியால் ஒற்றி ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீரின் அடர்த்தியால் வகுத்தால் துளைகளையும் சேர்த்த மொத்தக் கன அளவு. ஒற்றும்போது கவனம்: காய்ந்த துணி துளையிலிருந்தும் நீரை இழுத்துவிடும், சொட்டச் சொட்ட விட்டால் மேலே ஒட்டிய நீரும் எடையில் சேரும்.

இரண்டாவது வழி, நீரே ஏறாமல் மெழுகு பூசுவது. பூசுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, மெழுகின் எடையை அதன் அடர்த்தியால் வகுத்துக் கழிக்க வேண்டும். பாரஃபின் மெழுகின் அடர்த்தி சுமார் 0.9. மாதிரி அதோடு போச்சு, வேறு சோதனைக்கு ஆகாது.

அறிகுறி: அளவு ஜாடியில் நீர் ஏறவே இல்லை

ஏறாது. 10 மி.லி. ஜாடியில் ஒரு கோடு பெரும்பாலும் 0.2 மி.லி.; நம் மாதிரியோ 0.157. பிறைத்தளத்தின் அடியைக் கண் மட்டத்தில் பார்த்தாலும் பயனில்லை. ஒரே வகை மாதிரி நிறைய இருந்தால் இருபதைச் சேர்த்துப் போட்டு வகுக்கலாம். இல்லையென்றால் தராசுதான்.

அறிகுறி: மிதக்கிறது, கரைகிறது

மிதந்தால் இழையில் ஒரு எஃகுத் துண்டைக் கட்டி, அதை மூழ்க வைத்தே சுழியாக்குங்கள். கரைந்தால் திரவத்தை மாற்றுங்கள். எத்தனாலின் அடர்த்தி 20 டிகிரியில் 0.789, ஆனால் ஒரு டிகிரிக்கே சுமார் 0.1 சதவீதம் மாறும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். குண்டை அதே எத்தனாலில் முதலில் மூழ்கடித்து, திரவத்தின் அடர்த்தியை அங்கேயே கண்டுகொள்வது பாதுகாப்பு. பக்கத்தில் நெருப்பு கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

அறிகுறி: படத்தில் அளந்தால் காலிப்பரைவிடப் பெரிதாக வருகிறது

அளவுகோலை மேசையில் வைத்துவிட்டு மாதிரியின் மேல்முகத்தை அளந்திருப்பீர்கள். கேமரா 200 மி.மீ. உயரத்தில் இருந்தால் 8 மி.மீ. உயர மாதிரியின் மேல்முகம் 192 மி.மீ. தொலைவில் இருக்கும். அது 4 சதவீதம் பெரிதாகத் தெரியும். அளவுகோலை அதே உயரத்துக்கு முட்டுக் கொடுத்து வையுங்கள், கேமராவைத் தூரமாக்கி ஜூம் செய்யுங்கள், மாதிரியைப் படத்தின் நடுவில் வையுங்கள்.

நுண்ணோக்கியில் என்றால் ஒவ்வொரு பொருளருகு லென்ஸுக்கும் தனியாக அளவு பொருத்த வேண்டும். 1 மி.மீ. நீளத்தை 100 பங்கிட்ட ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் இதற்கென்றே இருக்கிறது. படத்தைச் சேமிக்கும்போது மென்பொருள் அதைச் சுருக்கிவிட்டால் பொருத்திய அளவு செல்லாது. ஒரே படத்தில் எண் ஆளுக்கு ஆள் மாறினால் விளிம்பு எது என்பதில்தான் தகராறு. வெளிச்சத்தைக் கீழிருந்து கொடுத்து நிழலுருவாக எடுங்கள்.

எப்போது வெளியே கொடுப்பது

குண்டு தொடர்ந்து தப்பாக வந்து, துடைத்தும் சுழியாக்கியும் மாறவில்லையென்றால் கருவியை ஐஎஸ்ஓ 17025 (ஆய்வகங்களின் தகுதிக்கான உலகத் தரம்) அங்கீகாரம் உள்ள அளவுத்திருத்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் வீச்சைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 0 முதல் 10 மி.மீ. வரை நாலைந்து புள்ளி வேண்டும் என்று சொல்லாவிட்டால் முழு நீளத்துக்கும் பரவலாகப் புள்ளி எடுத்துவிட்டு அனுப்புவார்கள். தராசை ஓரத்தில் வைத்தால் ஓர் எண், நடுவில் வைத்தால் ஓர் எண் என்றால் அதைத் திறக்காதீர்கள், சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

பொடியாக உதிர்கிற, நீரே படக் கூடாத மாதிரிகளுக்கு ஹீலியம் பிக்னோமீட்டர் (நீருக்குப் பதில் வாயுவால் கன அளவு காணும் கருவி) உள்ள ஆய்வகத்தை நாடுங்கள். அதில் கிடைப்பது திறந்த துளைகளை நீக்கிய கன அளவு என்பதை மறக்க வேண்டாம். மாதிரியை நன்றாக உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் அண்டாத மூடிய பாத்திரம்) வைத்தே கொடுங்கள். ஈரம் இருந்தால் அழுத்தம் நிலைக்காமல் எண் ஓடும். அவர்களுடைய கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பும் அளவு மாதிரி தேவை, ஒன்றிரண்டு துண்டை மட்டும் கொடுத்தால் பிழை பெருகும்.

உள்ளே மூடிய பொள்ளல் (வெற்றிடம்) இருக்கிறதா, எங்கே, எவ்வளவு என்பதுதான் கேள்வி என்றால் எக்ஸ்ரே சிடி ஸ்கேன்தான் சிறந்த வழி. செலவு கூடுதல். கேட்கும்போது மாதிரியின் பொருள் என்ன, தடிமன் எவ்வளவு, கண்டுபிடிக்க வேண்டிய மிகச் சிறிய பொள்ளல் எத்தனை மைக்ரான் என்ற மூன்றையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் அவர்களால் விலையும் சொல்ல முடியாது, முடியுமா என்றும் சொல்ல முடியாது.